நடைபாதையில் நான்கு கார்கள்

மார்ச் 4

ஒன்பதாம் வார்டு வேட்பாளர் அவர்களுக்கு,

எங்கள் சங்கத்தின் பெயர் நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள் சங்கம். மொத்தம் இருபத்து மூன்று பேர். இந்த வார்டில் நிற்கும் மூன்று வேட்பாளர்களுக்கும் ஒரே மூன்று கேள்விகளை அனுப்புகிறோம். பதினைந்தாம் தேதிக்குள் பதில் வந்தால் அதை அப்படியே அச்சடித்துச் சுவரில் ஒட்டுவோம். வராவிட்டால் 'பதில் இல்லை' என்று அச்சடித்து ஒட்டுவோம்.

முதல் கேள்வி. சந்தையிலிருந்து பள்ளிக்கூடம் வரை பெரிய ரோட்டில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை கேட்டு மாநகராட்சியில் பேசுவீர்களா? காலையில் அந்த வழியாக நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். நாங்கள் நின்று எண்ணினோம்.

இரண்டாவது. ஆஸ்பத்திரி சிக்னலில் ரோட்டைக் கடக்கிறவர்களுக்குப் பச்சை விளக்கு ஒன்பது விநாடி எரிகிறது. ஆஸ்பத்திரிக்கு வருகிற நோயாளி யார் ஒன்பது விநாடியில் ரோட்டைக் கடப்பார்? அந்த நேரத்தைக் கூட்டுவீர்களா?

மூன்றாவது. நடைபாதையில் ஏற்றி நிறுத்தியிருக்கும் வண்டிகளை அகற்றுவீர்களா, அவை உங்களுடைய வண்டிகளாகவே இருந்தாலும்?

இதுவரை சங்கச் செயலாளர் எழுதியது. இனி உன் அக்கா எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வி யாருக்கு என்று உனக்குத் தெரியும். மருந்துக்கடைக்காரம்மாவின் கார் அவள் வீட்டுக்குள் நிற்கிறது. கணக்கு வாத்தியாருக்குக் காரே கிடையாது. டிரைவிங் ஸ்கூல் நடத்தி, பயிற்சிக் கார் நான்கையும் நடைபாதையில் வரிசையாக ஏற்றி வைத்திருக்கிற வேட்பாளர் நீ ஒருத்தன்தான்.

பத்து மாதமாக உன்னோடு பேச்சு இல்லை. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன். பக்கவாதம் வந்த பிறகு என் வீட்டுக்காரர், உன் மாமா, அந்த நடைபாதையில்தான் தினம் ஒரு மணி நேரம் நடந்து நடந்து காலைத் திருப்பிக் கொண்டுவந்தார். நீ அங்கே காரை ஏற்றினாய். அவர் ரோட்டில் இறங்கி நடந்தார். உன் ஸ்கூல் காரே வந்து அவரைத் தட்டித் தள்ளியது. தொடை எலும்பு முறிந்து மூன்று மாதம் படுக்கை. எலும்பு கூடிவிட்டது, ஆனால் நடக்க இடம் இல்லை. தினம் நடக்காவிட்டால் இடது கால் ஒரேயடியாக நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது கட்டிலிலிருந்து ஜன்னல் வரை பதினோரு அடி நடக்கிறார், திரும்பப் பதினோரு அடி. இருபத்தாறு வருடம் இந்த ஊரில் பஸ் ஓட்டிய மனிதர்.

ஏப்ரல் பத்தாம் தேதி பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குத் தன் காலால் நடந்துபோய் ஓட்டுப் போடுவேன் என்கிறார். ஆசை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், முடிவு என்று சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரே வழிதான். நடுவில் உன் நான்கு கார்கள் நிற்கின்றன.

பதில் எழுது.

அக்கா


மார்ச் 7

அக்காவுக்கு,

நீயே கொண்டுவந்து என் பெட்டியில் போட்டுவிட்டு, சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாய். ஜன்னலிலிருந்து பார்த்தேன். திரும்பிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். 'வேட்பாளர் அவர்களுக்கு' என்று எழுதுகிற அளவுக்குக் கூடப் பிறந்தவன் அந்நியனாகிவிட்டான். சரி, வேட்பாளராகவே பதில் சொல்கிறேன். டைப் அடித்த தாள் இத்துடன் இருக்கிறது. மூன்று கேள்விக்கும் ஆமாம், ஆமாம், ஆமாம். போதுமா?

இனி தம்பியாக. காரை நான் எங்கே நிறுத்துவது, சட்டைப் பையிலா? கடை வாடகைக் கடை, பின்னால் ஒரு சைக்கிள் நிற்கக்கூட இடம் கிடையாது. கார் நிறுத்த இடம் கேட்டு மாநகராட்சிக்கு மூன்று தடவை எழுதினேன். மூன்று கடிதத்தையும் தபால் நிலையத்தில் நீதான் பையில் போட்டு அனுப்பியிருப்பாய், பதில் வந்ததா? நான் ஜெயித்தால் முதல் வேலையாக அந்த இடத்தை வாங்குவேன், நடைபாதை தானாகக் காலியாகும். இது புரியாமல் நீ பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. இந்த வார்டில் ஆயிரத்து நூறு பேர் என்னிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். பிரேக் வாத்தியார் என்றால் தெரியாதவர் கிடையாது. அவர்கள்தான் என் ஓட்டு. நடக்கிறவனும் நாளைக்கு ஒரு வண்டி வாங்க வேண்டும் என்றுதான் நடக்கிறான். உன் இருபத்து மூன்று பேரை நம்பி யார் தேர்தலில் நிற்பார்?

மாமாவுக்கு நடந்ததை நானும் மறக்கவில்லை. பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலுக்கும் ஒரு பிரேக் இருக்கிறது. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதிக்க வேண்டும். 'கத்துக்கிறவங்க தப்புப் பண்ணலாம், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவன் பண்ணக்கூடாது' என்று ஒவ்வொரு வகுப்பிலும் முதல் நாளே சொல்கிறேன், அதனால்தான் எனக்கு அந்தப் பெயரே வந்தது. அன்று பக்கத்து சீட்டில் இருந்த என் உதவியாளன் மிதிக்கவில்லை. அன்றைக்கே அவனை வேலையை விட்டு நிறுத்தினேன். இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும் என்கிறாய்?

தேர்தல் நாளில் வாசலுக்கே கார் அனுப்புகிறேன். மாமா பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து போய்விட்டு வரட்டும். என் சின்னத்துக்குப் போட வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

உன் டைப் அடித்த தாளைச் சங்கத்தில் உரக்கப் படித்தேன். 'ஏரிக்கரையை ஒட்டி, நிழல் தரும் மரங்களோடு சைக்கிள் பாதை அமைக்கப்படும்' என்ற இடம் வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நம் வார்டில் ஏரி எங்கேடா இருக்கிறது? இருபது வருடமாகத் தெருத் தெருவாகத் தபால் கொடுக்கிற எனக்குத் தெரியாமல் ஓர் ஏரியா? பஸ் டிப்போவுக்குப் பின்னால் குழாய் உடைந்து தேங்கி நிற்கிறதே, அதைச் சொல்கிறாயா? எந்த ஊர் வேட்பாளர் எழுதியதை எடுத்து உன் பெயரைப் போட்டுக்கொண்டாய்? எழுதிக் கொடுத்தவனும் படிக்கவில்லை, கையெழுத்துப் போட்ட நீயும் படிக்கவில்லை.

மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று போட்டு, அதன் கீழே 'அனைவரையும் கலந்தாலோசித்து உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை' என்று போட்டிருக்கிறாய். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

மருந்துக்கடைக்காரம்மா கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாள். சைக்கிள் பாதை முடியாது, போட்டால் கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாமல் வியாபாரம் படுத்துவிடும். நடைபாதை வண்டிகளை எடுக்கச் சொல்லவும் முடியாது, எடுத்தால் வேறு எங்கே விடுவார்கள்? ஆஸ்பத்திரி சிக்னலில் நேரத்தைக் கூட்டலாம், அதற்கு நான் பொறுப்பு. இவ்வளவுதான் அவள் கடிதம். படித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் அவள்மேல் மரியாதையும் வந்தது. முடியாது என்கிறவளோடு நான் சண்டை போடலாம். ஆமாம் என்கிறவனோடு எப்படிச் சண்டை போடுவது?

கணக்கு வாத்தியார் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். வார்டில் உள்ள ஒவ்வொரு நடைபாதையையும் நாடா வைத்து அளந்திருக்கிறார். நான் ஜெயிக்கப்போவதில்லை, இருந்தாலும் அளவுகள் உங்களுக்குப் பயன்படட்டும் என்று அடியில் எழுதியிருக்கிறார்.

மூன்று பதிலையும் ஒரே தாளில், ஒரே அளவு எழுத்தில் ஒட்டுவோம். நீ என் தம்பி என்பதற்காக ஒரு வரி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

கார் அனுப்புகிறேன் என்று நீ எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்தார். "நடந்தே போறேன்னு எழுது" என்றார். இப்போதெல்லாம் உன் பேச்சை எடுத்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால் சொல்வதில்லை. உனக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான், அப்போது உன்னை எவ்வளவு பெருமையாகப் பேசுவார்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

உனக்கு இப்போது திருப்தியா? சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாப், என் ஸ்கூலுக்கு எதிர்ச் சுவர், ஓர் இடம் பாக்கி இல்லை. டீக்கடைக்குப் போனால் "தலைவரே, உங்களுக்கு நீச்சல் தெரியுமா?" என்கிறார்கள். ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டுக்குள் போனேன், அந்த வீட்டம்மா ஏரியில் மீன் கிடைக்குமா என்று சிரிப்பைக் காட்டாமல் கேட்டாள். பதினைந்து வருடமாக ஊரில் சம்பாதித்த பெயரை ஒரு தாளில் ஒட்டி நாற அடித்துவிட்டாய். மற்றவர்கள் செய்தால் பொறுத்துக்கொள்ளலாம். கூடப் பிறந்தவளே குழி தோண்டினால் யாரிடம் போய்ச் சொல்வது?

கட்சிக்காரர்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள். தபால் நிலைய ஊழியர் தேர்தல் வேலை பார்க்கிறார் என்று உன் மேலதிகாரிக்கு மனு எழுதி வைத்திருக்கிறார்கள். அனுப்பினால் உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்களாம். நான்தான் கையைக் காலைப் பிடித்துத் தடுத்து வைத்திருக்கிறேன். அந்தத் தாள்களை நீங்களே கிழித்துவிட்டால் நல்லது. எத்தனை நாளைக்கு அவர்களைப் பிடித்து வைக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

தடுக்காதே. அனுப்பச் சொல்.

அந்த மனு தபாலில்தான் வரும். தபால் மேசையில் அதைப் பிரித்து எடுக்கிறவள் நான். மேலதிகாரியின் கையில் நானே கொண்டுபோய்க் கொடுத்து, அவர் படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்பேன். கட்சிப் பேச்சு பேசக்கூடாது என்று எனக்கு விதி இருக்கிறது, அதை நான் மீறவில்லை. மூன்று பேருக்கும் ஒரே கேள்வி, மூன்று பேர் பதிலும் அவரவர் வார்த்தையில். கேள்வி கேட்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. இருந்தால் காட்டச் சொல்.

ஒரு தாளும் கிழிக்கப்படாது. நேற்று மழையில் நனைந்து உரிந்த இரண்டு தாள்களை இன்று காலை புதிதாக ஒட்டிவிட்டேன்.

இருபத்து நான்காம் தேதி நூலகக் கூடத்தில் மூன்று வேட்பாளர்களையும் வைத்துக் கூட்டம். வா.

அக்கா


மார்ச் 25

தம்பிக்கு,

நேற்றுக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இன்று தபால் கொடுத்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

கூட்டத்தில் மாமாவின் கேள்வியை நான்தான் படித்தேன். 'நடைபாதையில் கார் நின்றதால் ரோட்டில் இறங்கி அடிபட்டவன் கேட்கிறேன், அதற்கு யார் பொறுப்பு?' ஒரே வரிதான். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு அழகாகப் பேசினாய். மாமா உனக்குத் தகப்பன் மாதிரி என்றாய். அன்று கவனக்குறைவாக இருந்த உதவியாளனை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்கவில்லை, உறவு வேறு பொறுப்பு வேறு என்றாய். கூடம் முழுக்கக் கைதட்டியது. மருந்துக்கடைக்காரம்மாகூடத் தட்டினாள். நானும் தட்டினேன் என்பதை எழுதக் கூசுகிறது, ஆனால் தட்டினேன்.

வீட்டில் போய் அப்படியே சொன்னேன். மாமா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "இன்னுமா அதையே சொல்றான்?" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பின்னால் கார் வரும் சத்தம் ஒரு மாதிரி இருந்ததாம். பஸ் ஓட்டியவர் காதுக்குத் தெரியும், ஓட்டுகிறவர் கை தடுமாறுகிறது என்று. திரும்பிப் பார்த்தார். ஓட்டப் பழகிய பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. பக்கத்து சீட்டில் நீ இருந்தாய். போன் காதில். வெளியே கட்டிக்கொண்டிருந்த கட்சிக் கொடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் விழுந்த பிறகு நீ மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கி, நிற்கிற கார்களுக்குப் பின்னால் சுற்றி, அலுவலகத்திலிருந்து ஓடி வருகிறவன் மாதிரி வந்து அவரைத் தூக்கினாய். கடைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்த பையன் தலையில் பழியைப் போட்டாய். மூன்று மாதத்தில் திரும்பக் கூப்பிடுகிறேன் என்று அவனிடம் சொன்னாயாம். இன்று சந்தையில் விசாரித்தேன், அவனே சொன்னான். இப்போது லாரியில் மூட்டை ஏற்றுகிறான்.

ஏன் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை என்று மாமாவிடம் சண்டை போட்டேன். "உன் கூடப் பொறந்தவன். அவனா வந்து சொல்லட்டும்னு இருந்தேன். பத்து மாசம் இருந்தேன்" என்றார். பத்து மாதமும் அவர் ஜன்னலில் எதற்காகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று இப்போதுதான் எனக்கு விளங்கியது. நீ வருகிறாயா என்று பார்த்திருக்கிறார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு என்னைக் கைதட்டவும் வைத்துவிட்டாய். இதை நான் சுவரில் ஒட்ட மாட்டேன். ஒட்டுவது எனக்குச் சுலபம். ஆனால் உன் வாயால் வர வேண்டியதை நான் சொன்னால், அதுவும் உனக்கு ஒரு தப்பிக்கிற வழியாகிவிடும்.

பத்தாம் தேதி நாங்கள் நடப்போம். நடைபாதை காலியாக இருந்தால் நடைபாதையில். இல்லாவிட்டால் ரோட்டில், ஓரத்தில் ஒதுங்கி அல்ல, நடுவில்.

அக்கா


மார்ச் 28

அக்கா,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தேன்.

இல்லை என்று எழுதப்போவதில்லை. எப்படி நடந்தது என்று எனக்கே தெரியவில்லை என்று நூறு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், எப்படி நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். சீட்டு எனக்குத்தான் என்று கட்சியிலிருந்து போன் வந்த நிமிடம் அது. கால் பிரேக்கின் மேல் இருந்தது. மிதிக்கவில்லை.

இப்போது சொன்னால் தேர்தல் போகும். அது போனால் போகட்டும். ஸ்கூல் லைசென்ஸும் போகும் அக்கா. அதை நம்பி என் பெண்டாட்டி பிள்ளைகள் மட்டுமா இருக்கிறார்கள், இன்னும் மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். பதினைந்து நாள் பொறு. தேர்தல் முடியட்டும். அந்தப் பையனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காரையும் எடுத்துவிடுகிறேன். இப்போது எடுத்தால் உன் தாளுக்குப் பயந்து எடுத்துவிட்டான் என்பார்கள்.

ரோட்டில் நடக்க வேண்டாம். அது ஆபத்து. உனக்கே தெரியும். கார் அனுப்புகிறேன், மாமாவை ஏறச் சொல். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 8

தம்பிக்கு,

பதினைந்து நாள் பொறு என்கிறாய். அவர் பத்து மாதம் பொறுத்தார்.

ரோட்டில் நடப்பது ஆபத்து என்று கடைசியில் நீயே எழுதிவிட்டாய். இதைத்தானே மார்ச் நான்காம் தேதி கேட்டோம்.

இன்று உன் கடை வழியாகத்தான் தபால் கொடுக்கப் போனேன். நான்கு காரும் அங்கேயே நிற்கின்றன.

நாளை மறுநாள் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறோம்.

அக்கா


ஏப்ரல் 13

அக்கா,

நீ எல்லாவற்றையும் பார்த்தாய், ஆனால் கடைசியில் நடந்ததைப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அன்று ஓட்டுப் போடுகிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்த காரில் நான் முன் சீட்டில் இருந்தேன். எட்டே முக்காலுக்குப் பெரிய ரோட்டில் வண்டிகள் அப்படியே நின்றன. ஏதோ விபத்து என்றார்கள். தலையை நீட்டிப் பார்த்தேன். நடு ரோட்டில் மாமா, நான்கு கால் ஊன்றுகம்பியைப் பிடித்துக்கொண்டு. கம்பியை எடுத்து வைப்பார், ஒரு காலை வைப்பார், மற்றக் காலை இழுப்பார், நிற்பார். பின்னால் நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. உனக்குப் பின்னால் உன் சங்கத்து ஆட்கள் இரண்டிரண்டு பேராக, ஏதோ சினிமாவுக்கு வரிசையில் நிற்கிற மாதிரி நிதானமாக. அவர்களுக்குப் பின்னால் ஊரிலுள்ள வண்டியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

என் டிரைவரும் ஹாரனில் கை வைத்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவைத் திறந்து இறங்கினேன். மாமாவைக் கெஞ்சிக் காரில் ஏற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் எண்ணம். உண்மையைச் சொல்கிறேன், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

நான் ஓடி வருவதற்குள் அவர் என் கடைக்கு எதிரே வந்து நின்றுவிட்டார். முதல் காரின் பானட்டில் கையை ஊன்றியிருந்தார். சட்டை முழுக்க வேர்வை. நான் போய் முழங்கையைப் பிடித்தேன்.

"கைய விடு" என்றார். "பிடிக்க வேண்டிய அன்னைக்குப் பிடிக்கல. இப்ப காரை எடு."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பத்து மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

சாவிகள் கடைக்குள் ஆணியில் தொங்கின. பூட்டைத் திறக்க எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. ஆயிரத்து நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன், முதல் காரைப் பின்னால் எடுக்கும்போது இன்ஜினை அணைய விட்டுவிட்டேன். யாரோ சிரித்தார்கள். ஒவ்வொரு காராக எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு, திரும்ப ஓடி வந்து அடுத்ததை எடுத்தேன். நான்காவது கார் நகரும்வரை அவர் அதே இடத்தில் நின்றார். நீ தண்ணீர் கொடுத்தாய், வாங்கவில்லை. அந்த நடைபாதை ரோட்டிலிருந்து ஒரு சாண் உயரம் என்று அன்றுதான் நான் பார்த்தேன். அதன்மேல் ஏற அவர் உன் தோளைப் பிடித்தார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், என் தோளைப் பிடிக்கவில்லை.

நீங்கள் முன்னால் போய்விட்டீர்கள். இனி நீ கேட்காதது. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஏன் தலைவரே, காரை நகர்த்த ஆள் இல்லையா, நீங்களே ஓடுறீங்க?" என்றார். கேலிக்குத்தான் கேட்டார். நான் சொன்னேன்: "இருந்த ஆளை நான் பண்ணின தப்புக்கு வீட்டுக்கு அனுப்பிட்டேன். அன்னைக்குப் பக்கத்து சீட்ல இருந்தது நான்தான்."

அப்போது ஹாரன்கள் நின்றிருந்தன. நிறையப் பேர் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். டீக்கடைக்காரர் உள்ளே போய் ஒரு டம்ளரைக் கழுவ ஆரம்பித்தார்.

மருந்துக்கடைக்காரம்மாவிடம் நாற்பத்தாறு ஓட்டில் தோற்றுவிட்டேன், கேள்விப்பட்டிருப்பாய். ரோடு அடைத்துக்கொண்டதால் ஏற்ற வேண்டியவர்களை ஏற்ற முடியவில்லை, அதனால்தான் போச்சு என்று கட்சிக்காரர்கள் உன்னைத் திட்டுகிறார்கள். நான் வாயை மூடிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான், உட்காரச் சொல்லவில்லை. நடந்ததை உள்ளபடி எழுதிப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் இன்று ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். லைசென்ஸ் இருக்குமா போகுமா தெரியாது. பெண்டாட்டி இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

மன்னித்துவிடு என்று இங்கே எழுதி அடித்துவிட்டேன். அதை மாமாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும். வரலாமா என்று கேட்டு எழுது.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

தோற்றவன் வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வருகிற கூட்டத்தில் என்னைச் சேர்க்காதே. நான் உனக்கு ஓட்டுப் போடவில்லை. மாமாவும் போடவில்லை. கணக்கு வாத்தியாருக்கு வந்த நூற்று ஏழு ஓட்டில் இரண்டு எங்களுடையவை. அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

மருந்துக்கடைக்காரம்மா பதவி ஏற்ற மறுநாளே அவள் கடை வாசலில் போய் நிற்பதாக இருக்கிறோம். முடியாது என்று எழுதியவளை முடியும் என்று எழுத வைக்க ஐந்து வருடம் இருக்கிறது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், உன் காரே நகர்ந்துவிட்டதே. சங்கத்தில் இப்போது நாற்பத்தொரு பேர். அன்று ஹாரன் அடித்தவர்களில் மூன்று பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள், அதில் ஒருத்தன் லாரிக்காரன்.

மாமா தினம் நடக்கிறார். நேற்று நீ காலி செய்த இடத்தில் யாரோ ஒரு வேனை ஏற்றி விட்டிருந்தார்கள். சுற்றிப் போகலாம் என்றேன். முடியாது என்று கம்பியால் வேனின் பக்கத்தில் தட்டிக்கொண்டே நின்றார், டிரைவர் சாப்பாட்டுக் கையோடு ஓடி வருகிறவரை. திரும்பி வரும்போது முகத்தில் என்ன ஒரு சந்தோஷம் என்கிறாய், பழைய பஸ்ஸை வளைவில் திருப்பிவிட்டு வருவாரே, அந்த முகம்.

நீ வரலாமா என்று கேட்டேன். கம்பியைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, "வரட்டும். கார்ல வராம இருந்தா சரி" என்றார். மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு வராதே. அவர் கேட்க வேண்டியதைக் கேட்பார், நீ உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். நானும் கேட்பேன். என்னைக் கைதட்ட வைத்ததற்கு உன்னை நான் அத்தனை சுலபத்தில் விடப்போவதில்லை.

போக்குவரத்து அலுவலகத்துக்கு நீ எழுதிய உறை செவ்வாய்க்கிழமை காலை, தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கிற மேசையில் என் கைக்கு வந்தது. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? அது போய்ச் சேர்ந்தால் உனக்கு என்ன ஆகும் என்றும் தெரியும், உன் பிள்ளைகள் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. மேசைக்கடியில் ஒரு டிராயர் இருக்கிறது, விலாசம் புரியாத கடிதங்களைப் போட்டு வைப்போம். அதில் போனால் ஒரு மாதம் கிடக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். உறையைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அழுதேன்டா. கண்ணில் தூசி என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன்.

பிறகு முத்திரை குத்தினேன். பையில் போட்டு, பையை நானே கட்டி, ஒன்பதரை மணி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

அக்கா